அப்பா சொத்தில் மகளுக்கும் சம பங்கு: அந்தச் சட்டத்துக்குப் பின்னால் இருந்த நீதிபதி... யார் இந்த லீலா சேத்?

கல்யாணம் ஆகிப் போன பொண்ணுக்கு பிறந்த வீட்டு நிலத்தில் பங்கு உண்டா? நம்ம ஊரில் பத்திரப்பதிவு அலுவலகம் தொடங்கி சிவில் கோர்ட் வரைக்கும் இன்றும் கேட்கப்படும் கேள்வி இது. இந்து குடும்பங்களைப் பொறுத்தவரை இன்றைய பதில்: உண்டு, மகனுக்கு எவ்வளவோ அவ்வளவு.

இந்தப் பதில் நாடு முழுமைக்கும் சட்டமானது 2005-ல்தான். அதற்கு அடித்தளம் போட்டது மத்திய சட்ட ஆணையத்தின் 174-வது அறிக்கை. அந்த அறிக்கை உருவானதில் முக்கியப் பங்கு வகித்தவர், அப்போது ஓய்வு பெற்று பல ஆண்டுகள் ஆகியிருந்த ஒரு உயர்நீதிமன்ற நீதிபதி. பெயர் லீலா சேத்.

டெல்லி உயர்நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி. இந்தியாவிலேயே ஒரு மாநில உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியான முதல் பெண். 14 ஆண்டுகள் நீதிபதியாக இருந்தவர். ஆனாலும் உச்ச நீதிமன்றத்துக்குப் போகவில்லை. 62 வயதில் வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிறகுதான் நாட்டின் சட்டங்களில் அவருடைய கை பெரிதாகப் பதிந்தது. எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

ஸ்டெனோகிராபர் டூ பாரிஸ்டர்

1930 அக்டோபர் 20-ல் லக்னோவில் பிறந்தவர் லீலா. அப்பா ரயில்வே அதிகாரி. லீலாவுக்கு 11 வயது இருக்கும்போதே அவர் இறந்துவிட்டார். பணக் கஷ்டத்துக்கு நடுவிலும் அம்மா அவரை டார்ஜிலிங்கில் கான்வென்ட்டில் படிக்க வைத்தார். படிப்பு முடிந்ததும் கொல்கத்தாவில் ஸ்டெனோகிராபர் வேலை. அங்கேதான் பாட்டா காலணி நிறுவனத்தில் வேலை பார்த்த பிரேம் சேத்தைச் சந்தித்தார். 1951-ல் திருமணம். அடுத்த ஆண்டே மூத்த மகன் பிறந்தார். அந்த மகன்தான் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற எழுத்தாளர் விக்ரம் சேத்.

கணவருக்கு லண்டனில் வேலை கிடைக்க, குடும்பம் அங்கே போனது. லீலா சட்டம் படிக்க முடிவு செய்தது அங்கேதான். ஏன் சட்டம்? அவர் சொன்ன காரணம் ரொம்ப எளிமையானது. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு தினமும் வகுப்புக்குப் போக முடியாது. பாரிஸ்டர் படிப்பில் அந்தக் கெடுபிடி குறைவு. அவ்வளவுதான்!

1958-ல் லண்டன் பார் தேர்வு முடிவு வந்தபோது, முதலிடம் லீலா சேத்துக்கு. அந்தத் தேர்வில் ஒரு பெண் முதலிடம் பிடித்தது அதுதான் முதல் முறை. அப்போது அவருக்கு வயது 27. தேர்வு எழுதுவதற்குச் சில மாதங்கள் முன்புதான் இரண்டாவது மகன் பிறந்திருந்தார்.

'போய் கல்யாணம் பண்ணிக்கோம்மா'

லண்டனில் முதலிடம் வாங்கினாலும் இந்தியாவில் கதவு உடனே திறக்கவில்லை. கொல்கத்தாவில் பிரபல பாரிஸ்டரான சச்சின் சவுத்ரியிடம் ஜூனியராகச் சேரப் போனார். அங்கே நடந்ததை லீலா சேத்தே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

வக்கீல் தொழில் எதற்கு, கல்யாணம் செய்துகொள்ளலாமே என்றாராம் சவுத்ரி. கல்யாணம் ஆகிவிட்டது என்றார் லீலா. அப்படியானால் ஒரு குழந்தை பெற்றுக்கொள்ளலாமே? குழந்தை இருக்கிறது. ஒரே குழந்தை என்றால் பாவம், துணைக்கு இன்னொன்று வேண்டாமா? இரண்டு குழந்தைகள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான், இவ்வளவு விடாப்பிடியான பெண் இந்தத் தொழிலில் நன்றாக வருவார் என்று சொல்லி அவரைச் சேர்த்துக்கொண்டாராம்.

கேட்க சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனா ஒரு ஆண் டாப்பரிடம் இந்தக் கேள்விகளை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், இல்லையா?

பின்னர் கணவரின் வேலை காரணமாக பாட்னாவுக்கு மாற்றம். பாட்னா உயர்நீதிமன்றத்தில் சுமார் 10 ஆண்டுகள் வழக்கறிஞராக இருந்தார். வரி வழக்குகள், சிவில், கம்பெனி வழக்குகள், ரிட் மனுக்கள் என்று பல துறைகளில் வாதாடினார். பெண் வக்கீல் என்றாலே விவாகரத்து, ஜீவனாம்ச வழக்குகள்தான் தேடி வரும் என்ற நிலையில், வரிச் சட்டத்தைக் கையில் எடுத்தது கவனிக்க வேண்டிய விஷயம். 1972-ல் டெல்லிக்கு வந்தார். 1977 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அவருக்கு மூத்த வழக்கறிஞர் அந்தஸ்து கொடுத்தது.

1978: டெல்லி ஐகோர்ட்டில் முதல் பெண்

1978 ஜூலையில் டெல்லி உயர்நீதிமன்ற நீதிபதியாகப் பதவியேற்றார் லீலா சேத். அதற்கு முன் அந்த நீதிமன்றத்தில் பெண் நீதிபதியே கிடையாது. நாட்டில் உயர்நீதிமன்ற நீதிபதியான முதல் பெண் கேரளாவின் அன்னா சாண்டி. அவர் பதவியேற்றது 1959-ல். கிட்டத்தட்ட 20 ஆண்டுகள் கழித்தும் தலைநகரின் ஐகோர்ட்டுக்கு ஒரு பெண் நீதிபதி புதுமையாகத்தான் இருந்தார். சென்னை உயர்நீதிமன்றத்துக்கு முதல் பெண் நீதிபதி வந்தது இன்னும் தாமதமாக, 1986-ல். அவர் பத்மினி ஜேசுதுரை.

டெல்லி கோர்ட்டில் லீலா சேத் உட்கார்ந்த அறைக்கு, பெண் நீதிபதி எப்படி இருப்பார் என்று பார்க்கவே ஆட்கள் வந்தார்கள். வழக்கும் இல்லை, வாய்தாவும் இல்லை. சும்மா வேடிக்கை! உயிரியல் பூங்காவுக்கு வருவது மாதிரி தன்னைப் பார்க்க வந்ததாக அவர் பின்னாளில் நகைச்சுவையோடு நினைவுகூர்ந்தார்.

அந்த நாற்காலியில் 13 ஆண்டுகள் இருந்தார். ஒரு புதுமை பழக்கமாக மாறுவதற்கு இவ்வளவு காலம் தேவைப்பட்டது.

உயர்நீதிமன்ற நீதிபதி ஆவது எப்படி?

இங்கே கொஞ்சம் நின்று, ஒரு ஐகோர்ட் நீதிபதியின் பணிக்காலம் எப்படி நகரும் என்பதைப் பார்த்துவிடலாம். லீலா சேத்தின் கதை புரிய இது தேவை.

தகுதி: அரசியல் சட்டத்தின் 217-வது பிரிவுப்படி, உயர்நீதிமன்றத்தில் குறைந்தது 10 ஆண்டுகள் வழக்கறிஞராகவோ, அல்லது 10 ஆண்டுகள் நீதித்துறைப் பதவியிலோ இருந்திருக்க வேண்டும்.

யார் தேர்வு செய்வது? இன்று கொலீஜியம் முறை இருக்கிறது. அதாவது மூத்த நீதிபதிகள் குழு பெயரைப் பரிந்துரைக்கும், குடியரசுத் தலைவர் நியமிப்பார். இந்த முறை வந்தது 1993-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு. லீலா சேத் நியமிக்கப்பட்ட 1978-ல் கொலீஜியம் கிடையாது. தலைமை நீதிபதிகளிடம் கருத்து கேட்கப்படும். ஆனால் கடைசி வார்த்தை மத்திய அரசுடையதாக இருந்தது.

இடமாற்றம்: 222-வது பிரிவு, நீதிபதிகளை ஒரு உயர்நீதிமன்றத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற வழி செய்கிறது. தலைமை நீதிபதி வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்ற நடைமுறையும் 1980-களில் வலுப்பெற்றது.

ஓய்வு வயது: ஐகோர்ட் நீதிபதிக்கு 62, உச்ச நீதிமன்ற நீதிபதிக்கு 65. முதலில் ஐகோர்ட் ஓய்வு வயது 60 ஆக இருந்தது. 1963-ல் 62 ஆக்கினார்கள். அதன் பிறகு இதுவரை மாறவில்லை.

இந்த மூன்று வருட வித்தியாசம்தான் பல நீதிபதிகளின் வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது. 62 வயதுக்குள் உச்ச நீதிமன்ற அழைப்பு வரவில்லை என்றால், பெரும்பாலும் கதை அங்கேயே முடிந்துவிடும்.

சிம்லாவில் 14 மாதங்கள்

1991 ஆகஸ்டில் இமாச்சலப் பிரதேச உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியானார் லீலா சேத். சுதந்திரம் கிடைத்து 44 ஆண்டுகள் கழித்து, நாட்டில் ஒரு மாநில உயர்நீதிமன்றத்துக்குக் கிடைத்த முதல் பெண் தலைமை நீதிபதி. அடுத்த ஆண்டே, 1992-ல், சென்னை உயர்நீதிமன்றத்துக்கும் ஒரு பெண் தலைமை நீதிபதியாக வந்தார். அவர் காந்தா குமாரி பட்நாகர்.

ஆனா லீலா சேத் சிம்லாவில் பதவியேற்கும்போது அவருக்கு வயது 60 முடிந்திருந்தது. கையில் இருந்தது சுமார் 14 மாதங்கள் மட்டுமே. 1992 அக்டோபர் 20, அவருடைய 62-வது பிறந்தநாள். அன்றோடு பணி ஓய்வு.

அதே ஆண்டு ஏப்ரலில், உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியான பாத்திமா பீவியும் ஓய்வு பெற்றிருந்தார். பின்னாளில் தமிழக ஆளுநராக இருந்தாரே, அதே பாத்திமா பீவிதான். அவர் போன பிறகு உச்ச நீதிமன்றத்தில் பெண் நீதிபதியே இல்லை. 1994-ல் சுஜாதா மனோகர் வரும் வரை அந்த நிலை நீடித்தது. லீலா சேத் ஓய்வு பெற்ற நாளில் நாட்டின் உச்ச நீதிமன்றம் முழுக்க முழுக்க ஆண்களால் ஆனதாக இருந்தது.

ஓய்வுக்குப் பிறகு வந்த முதல் பெரிய வேலை

1995 ஜூலையில் டெல்லியில் ஒரு மரணம் நாட்டையே உலுக்கியது. 'பிஸ்கட் மன்னர்' என்று அழைக்கப்பட்ட தொழிலதிபர் ராஜன் பிள்ளை, திகார் சிறைக் காவலில் இருந்தபோது இறந்தார். கல்லீரல் பாதிப்பு இருந்தவர். உரிய நேரத்தில் சிகிச்சை கிடைக்கவில்லை என்று குற்றச்சாட்டு எழுந்தது. அதை விசாரிக்க அமைக்கப்பட்ட ஒரு நபர் ஆணையம்தான் லீலா சேத் ஆணையம்.

கோடீஸ்வரருக்கே இந்தக் கதி என்றால், பெயர் தெரியாத விசாரணைக் கைதிக்கு என்ன நடக்கும் என்ற கேள்வியை அந்த மரணம் எழுப்பியது. சிறைக்குள் மருத்துவ வசதி எப்படி இருக்க வேண்டும் என்பது குறித்தும் ஆணையம் பரிந்துரைகள் கொடுத்தது.

மகளின் பங்கு: சட்டம் எப்படி மாறியது?

1997 முதல் 2000 வரை 15-வது சட்ட ஆணையத்தில் உறுப்பினராக இருந்தார் லீலா சேத். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் பெண்களுக்கு இருந்த பாகுபாட்டை ஆணையம் ஆராய்ந்தது. 174-வது அறிக்கை 2000-ல் வந்தது.

பழைய சட்டத்தில் என்ன பிரச்னை? ஒரு உதாரணத்தோடு பார்த்தால் சுலபமாகப் புரியும்.

ஒரு அப்பா, ஒரு மகன், ஒரு மகள். அம்மா உயிரோடு இல்லை. பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தாக 12 ஏக்கர் நிலம். 1956-ம் ஆண்டு சட்டப்படி, பிறப்பாலேயே அந்தச் சொத்தில் உரிமை உள்ளவர்கள் ஆண்கள் மட்டும்தான். அப்பாவுக்கு 6 ஏக்கர், மகனுக்கு 6 ஏக்கர். அப்பா உயில் எழுதாமல் இறந்தால், அவருடைய 6 ஏக்கர் மட்டும் மகனுக்கும் மகளுக்கும் பிரியும். ஆளுக்கு 3. கடைசியில் மகன் கையில் 9 ஏக்கர், மகள் கையில் 3 ஏக்கர்.

இப்போதைய சட்டப்படி? மகளும் பிறப்பாலேயே பங்குதாரர். முதலில் மூவருக்கும் தலா 4 ஏக்கர். அப்பாவின் 4 ஏக்கர் பிறகு இரண்டாகப் பிரியும். கடைசியில் மகனுக்கு 6, மகளுக்கு 6.

இன்னொரு அநியாயமும் இருந்தது. குடும்பம் குடியிருக்கும் வீட்டில் மகளுக்குப் பங்கு இருந்தாலும், ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முடிவு செய்யும் வரை அவள் பாகம் பிரிக்கச் சொல்லிக் கேட்க முடியாது. 23-வது பிரிவு அப்படிச் சொன்னது. அதையும் நீக்க வேண்டும் என்றது ஆணையம். நாடாளுமன்றம் 2005-ல் திருத்தச் சட்டத்தை நிறைவேற்றியது. செப்டம்பர் 9 முதல் அது அமலுக்கு வந்தது.

தமிழ்நாட்டில் முன்பே இருந்ததே?

ஆமாம், சரிதான். பெண்களுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டிலேயே தீர்மானம் போட்ட மண் இது. 1989-ல் கருணாநிதி ஆட்சியில் மகளுக்கும் கூட்டுக் குடும்பச் சொத்தில் சம பங்கு என்று மாநிலச் சட்டம் வந்தது. அதற்கு முன்பே ஆந்திரா இதே மாதிரி சட்டம் கொண்டுவந்திருந்தது. கேரளா 1970-களில் கூட்டுக் குடும்ப முறையையே சட்டப்படி ஒழித்துவிட்டது. 1994-ல் கர்நாடகாவும் மகாராஷ்டிராவும் சேர்ந்துகொண்டன. தென் மாநிலங்களின் இந்த அனுபவம்தான் சட்ட ஆணையத்துக்கு முன்னுதாரணமாக இருந்தது.

ஆனால் தமிழ்நாட்டுச் சட்டத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. 1989 மார்ச் 25-க்கு முன் திருமணம் ஆன மகள்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஒரே வீட்டில் அக்காவுக்கு 1988-ல் கல்யாணம், தங்கைக்கு 1990-ல் கல்யாணம் என்றால், தங்கைக்குப் பங்கு உண்டு, அக்காவுக்கு இல்லை! 2005-ம் ஆண்டு மத்தியச் சட்டத்தில் இந்தப் பிரிவினை கிடையாது. எப்போது கல்யாணம் ஆகியிருந்தாலும் மகள் மகள்தான்.

அப்பா 2005-க்கு முன்பே இறந்திருந்தால்? இதில் பல ஆண்டுகள் குழப்பம் இருந்தது. 2020 ஆகஸ்ட் 11-ல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. மகளின் உரிமை பிறப்பால் வருவது, சட்டம் அமலான நாளில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

இரண்டு விஷயங்களை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க. ஒன்று, 2004 டிசம்பர் 20-க்கு முன் முறைப்படி பதிவு செய்து முடிந்த பாகப்பிரிவினையை இந்தச் சட்டம் கலைக்காது. இரண்டு, அப்பா தானே சம்பாதித்த சொத்தை அவர் விரும்பியவருக்கு உயில் எழுதலாம். உயில் இல்லை என்றால்தான் மகன், மகள், மனைவி, அவருடைய தாய் எல்லோருக்கும் சம பங்கு.

82 வயதில் 29 நாள் வேலை

2012 டிசம்பர் 16. டெல்லியில் ஓடும் பேருந்தில் மருத்துவத் துறை மாணவி ஒருவருக்கு நடந்த கொடூரம் நாட்டையே வீதிக்குக் கொண்டுவந்தது. ஒரு வாரத்தில் மத்திய அரசு மூன்று பேர் குழுவை அமைத்தது. தலைவர், உச்ச நீதிமன்ற முன்னாள் தலைமை நீதிபதி ஜே.எஸ்.வர்மா. உறுப்பினர்கள், மூத்த வழக்கறிஞர் கோபால் சுப்பிரமணியம் மற்றும் லீலா சேத். அப்போது லீலா சேத்துக்கு வயது 82.

பொதுமக்களிடமிருந்து வந்த பல்லாயிரக்கணக்கான கருத்துகளைப் பரிசீலித்து, 29 நாட்களில் 600 பக்கங்களைத் தாண்டிய அறிக்கையைக் குழு கொடுத்தது. 2013 ஜனவரி 23-ல் அறிக்கை தாக்கல். பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பது, மறைந்திருந்து படம் எடுப்பது, ஆசிட் வீச்சு ஆகியவை தனிக் குற்றங்களாகச் சட்டத்தில் சேர்ந்தது இந்த அறிக்கையின் விளைவுதான்.

எல்லாவற்றையும் அரசு ஏற்றுக்கொண்டதா? இல்லை. திருமண உறவுக்குள் நடக்கும் பாலியல் வன்கொடுமையையும் குற்றமாக்க வேண்டும் என்று குழு சொன்னது. அது ஏற்கப்படவில்லை. மரண தண்டனை வேண்டாம் என்றது குழு. ஆனால் பாதிக்கப்பட்டவர் இறந்துபோகும் வழக்குகளில் மரண தண்டனையும் விதிக்கலாம் என்று சட்டம் வந்தது.

நீதிபதி பேசாததை அம்மா பேசினார்

2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், தன்பாலின உறவைக் குற்றமாக்கும் 377-வது பிரிவு செல்லும் என்று தீர்ப்பளித்தது. அந்தப் பிரிவைக் குற்றப் பட்டியலிலிருந்து விலக்கி 2009-ல் டெல்லி உயர்நீதிமன்றம் தந்திருந்த தீர்ப்பு இதனால் ரத்தானது. லீலா சேத் 13 ஆண்டுகள் பணியாற்றிய அதே நீதிமன்றம்.

சில வாரங்களில் லீலா சேத் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். தன் மூத்த மகன் விக்ரம் சேத்தை இந்தத் தீர்ப்பு மீண்டும் குற்றவாளி ஆக்கிவிட்டது என்று, ஒரு அம்மாவாகவும் ஒரு முன்னாள் நீதிபதியாகவும் வெளிப்படையாகச் சொன்னார். பொதுவாக ஓய்வு பெற்ற நீதிபதிகள் குடும்ப விஷயத்தைப் பொதுவெளியில் பேச மாட்டார்கள். அவர் பேசினார். அவர் உறுப்பினராக இருந்த சட்ட ஆணையம், 377-ஐ நீக்கலாம் என்று 2000-லேயே சொல்லியிருந்தது என்பதும் குறிப்பிடத்தக்கது.

2017 மே 5-ல் 86 வயதில் லீலா சேத் காலமானார். அவர் விருப்பப்படி இறுதிச் சடங்கு நடக்கவில்லை. கண்கள் தானமாகக் கொடுக்கப்பட்டன, உடல் மருத்துவ ஆராய்ச்சிக்குப் போனது. 2018 செப்டம்பர் 6-ல் உச்ச நீதிமன்றம் தன் பழைய தீர்ப்பை மாற்றி, வயது வந்தவர்களின் சம்மதத்துடன் கூடிய தன்பாலின உறவு குற்றமல்ல என்றது. அந்த நாளைப் பார்க்க அவர் இல்லை.

ஏன் இந்தக் கதை முக்கியம்?

உச்ச நீதிமன்றத்துக்குப் போகாத நீதிபதிகளை நாம் சீக்கிரம் மறந்துவிடுகிறோம். பதவி 62-ல் முடிந்தது. ஆனால் அதன் பிறகு 20 ஆண்டுகளுக்கு மேல் அவர் வேலை செய்தார், அதுவும் தீர்ப்பு எழுதும் அதிகாரம் இல்லாமல். ஆணையம், குழு, அறிக்கை என்றால் அலமாரியில் தூசி படியும் காகிதம் என்றுதான் நாம் நினைப்போம். அதில் ஒன்றுதான் இன்று கோடிக்கணக்கான பெண்களுக்குப் பட்டாவில் பெயர் சேர்க்கக் கேட்கும் உரிமையைக் கொடுத்திருக்கிறது.

உரிமை சட்டத்தில் வந்துவிட்டது. 'அண்ணனுக்கே விட்டுக்கொடுத்துடும்மா' என்று சொல்லி விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது மட்டும் பல வீடுகளில் இன்னும் நிற்கவில்லை. அடுத்த முறை உங்க வீட்டில் அப்படி ஒரு பத்திரம் நீட்டப்பட்டால், கையெழுத்துப் போடுவதற்கு முன் 12 ஏக்கர் கணக்கை ஒரு தடவை போட்டுப் பாருங்க.